தாத்தாவின் நோட்டில் இருக்கும் பேர்கள்

குழு: குன்னூர் சொந்தங்கள்

ஞாயிறு

பெரிய அண்ணன், காலை 7.40
எல்லாருக்கும் வணக்கம். ஆகஸ்ட் 29 தேசிய விளையாட்டு தினம், தியான்சந்த் பிறந்த நாள். நம் மைதானத்தில் பந்து அடித்தும் ஓடியும் வளர்ந்த பழைய ஆட்டக்காரர்களை அன்றைக்குக் கூப்பிட்டு மரியாதை செய்யலாம் என்று மைதானக் கமிட்டியில் பேசியிருக்கிறோம். அறுபது வயது தாண்டியவர்கள் யார் யார் என்று யோசித்துச் சொல்லுங்கள். பேர், வீட்டு விவரம் எல்லாம் எனக்குத் தனியாக அனுப்புங்கள். இங்கே போட வேண்டாம்.

அருவங்காடு மாமா, காலை 8.05
நல்ல காரியம் மாப்பிள்ளை. ஆனால் முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி ஒரு விழாவுக்கு நான் போயிருக்கிறேன். பத்து மணி என்று சொன்னார்கள், பிரமுகர் வந்து சேரப் பன்னிரண்டரை. எண்பது வயது ஹாக்கிக்காரர் ஒருவர் சாரலில் பந்தல் ஓரமாகவே நின்றார். பேரைத் தப்பாக வாசித்தார்கள், ஒரு பொன்னாடை போட்டார்கள், ஒரு போட்டோ எடுத்தார்கள், அவ்வளவுதான். கீழே இறங்கியதும் அவர் என்னிடம் கேட்டது இது: "நான் சென்டர் ஹாஃப் ஆடியவன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" எனக்கு அது இன்னும் மனதில் கிடக்கிறது. அதே மாதிரி நடத்துவதென்றால் வேண்டாம்.

பெரிய அண்ணன், காலை 8.11
அப்படி நடக்காது மாமா. அதனால்தான் இத்தனை நாள் முன்னாலேயே கேட்கிறேன்.

டீச்சர் அக்கா, காலை 8.30
எல்லாரும் ஆண்களின் பேரைத்தான் சொல்வீர்கள், அதனால் நான் முந்திக்கொள்கிறேன். எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிற அக்கா ஒருவர் இருக்கிறாரே, மேல் லைன் வீடுகளில். பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தார். 800 மீட்டரில் வெறுங்காலோடு ஓடி மாநிலப் போட்டி வரை போனவர். கீழ்நாட்டு வெயிலில் கருங்கல் பொடி போட்ட தடத்தில் ஓடி, பாதம் கொப்புளித்துத் திரும்பி வந்தார். மறு வாரமே பனியில் மைதானத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார், நான் பார்த்தேன். இன்றைக்கும் காலையில் அவர் மேட்டில் ஏறுகிற நடையைப் பாருங்கள், மூச்சு வாங்காது.

கூடலூர் சித்தப்பா, காலை 9.02
எங்கள் பக்கத்து வாலிபால்காரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் தங்கி, இங்கே டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த குடும்பங்கள் நாங்கள். பெட்டி படுக்கையோடு வாலிபால் பழக்கமும் கூடவே வந்தது. இலங்கையில் 1991இல் அதைத் தேசிய விளையாட்டாகவே அறிவித்துவிட்டார்கள். சாயங்காலம் இலை நிறுத்துப் போட்டதும் லைனுக்கு முன்னால் இரண்டு கம்பு நட்டு, கயிற்று வலை கட்டி, இருட்டுகிற வரை ஆடுவோம். எங்கள் டீமில் பந்து தூக்கிக் கொடுத்தவர் இப்போது பந்தலூர் பக்கம் இருக்கிறார். கண் சரியாகத் தெரியாது. யாராவது போய்க் கூட்டி வர வேண்டும்.

அருவங்காடு மாமா, காலை 9.10
மாப்பிள்ளை, அவர் தூக்கிக் கொடுத்தால் பந்து வலைக்கு மேல் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு இறங்குகிற மாதிரி இருக்கும். ஜீப்பைப் பிடித்து நானே போய்க் கூட்டி வருகிறேன்.

கூடலூர் சித்தப்பா, காலை 9.11
சரி மச்சான்.

சின்னத் தம்பி, காலை 10.20
கோயம்புத்தூரிலிருந்து ஒரு கேள்வி. ஆடியவர்களை மட்டும்தான் கூப்பிடுகிறோமா? ஆட்டத்தை நடத்தியவர்கள்? ஸ்னூக்கர் ஜபல்பூரில் 1875இல் பிறந்தது, ஆனால் அதற்கு விதியை எழுதி முடித்தது 1882இல், நம் ஊட்டி கிளப்பில். எழுதிய பட்டாள அதிகாரி நெவில் சேம்பர்லினின் பேர் இன்றைக்கும் உலகம் முழுக்கத் தெரிகிறது. நம் மலையில் ஐம்பது வருஷம் லீக் நடத்தியவர்களின் பேர் அடுத்த தெருவுக்குத் தெரியாது. லீக் நடத்திய நம் தாத்தா பேரே நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பெரிய அண்ணன், காலை 10.26
அதை நானும் யோசித்தேன்டா. கமிட்டியில் நான் இருக்கிறேன், நானே என் தாத்தாவுக்கு மரியாதை செய்தால் நன்றாக இருக்காது. ஊரில் ஒரு பேச்சு வரும்.

கோத்தகிரி அத்தை, காலை 11.45
(குரல் பதிவு. டீச்சர் அக்கா எழுதிப் போட்டது)
கண்ணுகளா, அப்பாவுக்கு மாலை எல்லாம் வேண்டாம். அவருக்கே அது பிடிக்காது. மேடை போட்டால் கீழே நின்று நாற்காலி எண்ணுகிற மனுஷன் அவர். ஆனால் அவருடைய டிரங்குப் பெட்டி என்னிடம் இருக்கிறது. உள்ளே நீள நோட்டுகள். லீக் கணக்கு, டீம் பட்டியல், எல்லாம் அவர் கையெழுத்து. திறந்து பல வருஷம் ஆகிவிட்டது. நாளைக்குத் திறக்கிறேன்.

சின்னத் தம்பி, காலை 11.50
அத்தை, மெதுவாகத் திறங்கள். ஈரம் ஏறியிருக்கும். ஒட்டிக்கொண்ட தாளைப் பிரிக்க வேண்டாம். வெயிலிலும் அடுப்புப் பக்கத்திலும் வைக்க வேண்டாம், தாள் சுருண்டு உடைந்துவிடும். நிழலில் ஃபேன் காற்றில் வையுங்கள். பூஞ்சணத்தைத் தொடும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

திங்கள்

கோத்தகிரி அத்தை, மாலை 4.30
(படங்கள் 6)
ஓரமெல்லாம் போய்விட்டது. நடுவில் படிக்க முடிகிறது.

டீச்சர் அக்கா, மாலை 4.52
அத்தை, படத்தைப் பெரிதாக்கிப் படித்துக்கொண்டே இருக்கிறேன், கண்ணில் தண்ணீர் வருகிறது. "சுண்ணாம்பு 1 மூட்டை. பந்து பிளாடர் ஒட்டு. ரெஃப்ரி பஸ் கூலி, போக வர. காப்பி, பன் 26 பேருக்கு." தோற்ற டீமுக்கும் சேர்த்து 26. அடுத்த வரியில் "கையிருப்பு இல்லை, சொந்தப் பணம்".

அருவங்காடு மாமா, மாலை 5.15
அந்தப் பன் எனக்கு ஞாபகம் இருக்கிறது. தோற்றவர்களுக்கு முதலில் கொடுப்பார்.

எல்லாரும் கேளுங்கள். மைதானத்தில் வெள்ளைக் கோடு போடுவது சின்ன வேலை என்று நினைப்பார்கள். இங்கே காலையில் போட்ட கோடு மத்தியானத் தூறலில் கரைந்துவிடும். இடைவேளையில் மறுபடியும் போட வேண்டும். பந்து பள்ளத்தில் போனால் தேயிலைக்குள் இறங்கித் தேட வேண்டும், அட்டை கடிக்கும். பதினொரு பேர் ஆடுவதற்குப் பின்னால் இத்தனை வேலை இருந்தது. நான் ஆடுகிற காலத்தில் இதையெல்லாம் திரும்பிப் பார்த்ததே இல்லை.

கோத்தகிரி அத்தை, மாலை 5.31
"கோடு போட்ட கூலி" என்று மாதா மாதம் ஒரே பேர் வருகிறதே. அவர் இருக்கிறாரா தம்பி?

அருவங்காடு மாமா, மாலை 5.33
இருக்கிறார் அண்ணி. சிம்ஸ் பார்க் பக்கம் மகள் வீட்டில். என்னை விடப் பத்து வயது மூத்தவர்.

பெரிய அண்ணன், மாலை 5.34
அப்படியானால் முதல் நாற்காலி அவருக்கு. யாரும் மறுக்கப் போவதில்லை.

சின்னத் தம்பி, இரவு 8.10
எல்லாரும் நாலாவது படத்தைப் பாருங்கள். "வெளியூர் போனவர்கள்" என்று ஒரு பக்கம் தனியாக எழுதியிருக்கிறார். பேர், என்ன போட்டி, எந்த ஊர், எந்த வருஷம், என்ன இடம். பதினேழு பேர் இருக்கிறார்கள். ஏழாவது வரியில் இருப்பது கோல்கீப்பர், நம் கோலி பெரியவர்தானே? மாநில ஹாக்கி அணிக்காக தேசியப் போட்டியில் மூன்றாம் இடம்.

அருவங்காடு மாமா, இரவு 8.19
அவரேதான். வெலிங்டனில் எம்.ஆர்.சி. (மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம்) பட்டாளத்துக்காரர்கள் கழித்துப் போட்ட மட்டையை வாங்கி, உடைந்த இடத்தில் துணி சுற்றி ஆடியவர். 1980இல் மாஸ்கோ ஒலிம்பிக் ஹாக்கியில் நம் சென்னை பாஸ்கரன் கேப்டனாக இருந்து தங்கம் வாங்கிய செய்தி வந்தபோது, வெலிங்டன் பாய்ஸ் கம்பெனி பகுதி வரை ஓடிப் போய் எல்லாரிடமும் சொன்னது அவர்தான். இப்போது ஒரு காட்டேஜில் ராத்திரி வாட்ச்மேன். சர்டிபிகேட்டை மழையில் கூரை ஒழுகி இழந்துவிட்டார்.

சின்னத் தம்பி, இரவு 8.31
மாமா, இது முக்கியம். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நலிந்த நிலையில் உள்ள முன்னாள் வீரர்களுக்கு மாதம் 6,000 ரூபாய் ஓய்வூதியம் தருகிறார்கள். 58 வயது முடிந்திருக்க வேண்டும். வருமானத்துக்கு ஒரு வரம்பு உண்டு. தேசிய, சர்வதேசப் போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வந்திருக்க வேண்டும், அதுவும் அங்கீகரித்த போட்டியாக இருக்க வேண்டும். ஆணையத்தின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். விவரம் கேட்க ஊட்டியில் மாவட்ட விளையாட்டு அலுவலகம் இருக்கிறது.

டீச்சர் அக்கா, இரவு 8.36
நோட்டில் எழுதியிருப்பது சாட்சி ஆகுமா?

சின்னத் தம்பி, இரவு 8.41
நோட்டை மட்டும் காட்டினால் ஆகாது அக்கா. ஆனால் இத்தனை நாள் அவருக்கு எந்த வருஷம், எந்த ஊர் என்பதே சரியாக நினைவில்லை, அதனால் யாரிடம் போய்க் கேட்பது என்றும் தெரியவில்லை. இப்போது இரண்டும் கையில் இருக்கிறது. இதை வைத்து ஹாக்கி சங்கத்துக்கு எழுதி நகல் சான்று கேட்கலாம். தாத்தா இந்த ஒரு வரி எழுதாமல் விட்டிருந்தால் அந்தக் கதவு மூடியேதான் இருந்திருக்கும்.

அருவங்காடு மாமா, இரவு 8.44
நான் வாங்கிய வெட்டரன்ஸ் மெடல் இதில் சேருமா?

சின்னத் தம்பி, இரவு 8.45
சேராது மாமா. மூத்தோர் போட்டிகளைக் கணக்கில் எடுப்பதில்லை.

அருவங்காடு மாமா, இரவு 8.46
பரவாயில்லை. எனக்கு பேக்டரி பென்ஷன் வருகிறது. அவருக்குக் கிடைத்தால் போதும்.

டீச்சர் அக்கா, இரவு 9.20
அப்படியென்றால் கொழுந்து பறிக்கிற அக்காவுக்கு ஒன்றும் இல்லை. மாநிலம் வரைதான் போனார். சித்தப்பாவின் வாலிபால்காரருக்கும் கிடையாது. பதினேழு பேரில் பாதிப் பேருக்கு மேல் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பவர்கள். அவர்களுக்கு என்ன செய்யப் போகிறோம்? ஒரு தட்டும் கேடயமும் கொடுத்து அனுப்பினால் மாமா சொன்ன விழாவுக்கும் நம்முடையதுக்கும் வித்தியாசம் இல்லை. நாளைக்கு நானே போய் அவரைக் கேட்கிறேன்.

புதன்

டீச்சர் அக்கா, மாலை 6.40
கேட்டேன். தனக்கு எதுவும் வேண்டாம் என்றார். மறுபடியும் கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "சீசனில் மைதானத்தில் டூரிஸ்ட் வண்டி நிறுத்துகிறார்களே, அந்த இரண்டு மாதம் பிள்ளைகள் எங்கே ஓடும்? ஓரத்தில் ஒரு தடத்தை மட்டும் விடச் சொல்லுங்கள்." அவர் பேத்தி ஓடுகிறாள். லீவில் ஊட்டி எச்.ஏ.டி.பி. (மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டம்) விளையாட்டு மைதானத்துக்குக் கூட்டிப் போகிறார்களாம். தினமும் முடியுமா, பஸ் செலவு இருக்கிறதே.

பெரிய அண்ணன், மாலை 6.58
இதைக் கமிட்டியில் எழுத்தாகவே வைக்கிறேன். விழாவில் அறிவிப்பதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும், வெறும் வாக்குறுதியாக மேடையில் சொல்ல மாட்டேன். பார்க்கிங் பணம் போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். ஓரத் தடம் மட்டும்தானே, பேசிப் பார்க்கிறேன்.

கோத்தகிரி அத்தை, இரவு 7.15
(குரல் பதிவு)
போர்த்துவதற்குப் பொன்னாடை வாங்காதீர்கள். மினுமினுப்புத் துணி இந்தக் குளிருக்கு எதற்கு ஆகும்? தோடர் பூத்தையல் சால்வை ஒன்று வாங்கினால் ஆயுசுக்கும் இருக்கும். புவிசார் குறியீடு 2013இலேயே வாங்கிய நம் மலைத் துணி. அந்தப் பெண்கள் நூலை எண்ணி எண்ணிக் கையாலேயே போடுகிறார்கள், அதற்கு உண்டான காசு ஆகும். எல்லாருக்கும் முடியாவிட்டால் கோடு போட்டவருக்கும் கண் தெரியாதவருக்கும் அந்தச் சால்வை, மற்றவர்களுக்கு நல்ல கம்பளி. என் பங்கை நான் அனுப்புகிறேன். அப்புறம், பிளாஸ்டிக் சுற்றிய பூங்கொத்து வேண்டாம். தடை இருக்கிறது.

பெரிய அண்ணன், இரவு 7.30
சரி அத்தை. பேச்சாளர் யாரும் வேண்டாம் என்று முடிவு. தாத்தாவின் அந்தப் பக்கத்தை வாசிப்பதுதான் நிகழ்ச்சி. ஒவ்வொருவரும் எந்த இடத்தில் ஆடினார் என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். மாமா, அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அருவங்காடு மாமா, இரவு 7.34
சொல்கிறேன். பதினேழு பேரில் ஆறு பேர் இல்லை. அவர்கள் பேரையும் வாசிக்க வேண்டும். வீட்டுக்கு ஒருவராவது வரச் சொல்.

கூடலூர் சித்தப்பா, இரவு 7.40
மழை எப்படி? இங்கே ஆகஸ்டில் விடாமல் அடிக்கும்.

பெரிய அண்ணன், இரவு 7.42
குன்னூருக்குப் பெருமழை ஐப்பசியில்தானே சித்தப்பா. இருந்தாலும் ஸ்கூல் ஹாலைக் கேட்டு வைத்திருக்கிறேன். வயதானவர்களைச் சாரலில் நிற்க வைக்க மாட்டேன்.

சனி

அருவங்காடு மாமா, காலை 9.15
கோலி பெரியவரைப் பார்த்தேன். நோட்டுப் பக்கத்தின் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "என் பேரை அவர் எழுதி வைத்தாரா" என்று இரண்டு தடவை கேட்டார். விண்ணப்பத்துக்குச் சம்மதம், ஆதார், ரேஷன் கார்டு எல்லாம் எடுத்து வைத்திருக்கிறார். ஆனால் விழாவுக்கு வருவது கஷ்டம் என்கிறார். ராத்திரி ட்யூட்டி முடிந்து காலை ஏழுக்கு வந்து படுப்பார். முந்தின ராத்திரி லீவு கேட்டால் மாற்றாளைக் கொண்டு வரச் சொல்கிறார்களாம்.

சின்னத் தம்பி, காலை 9.22
28ஆம் தேதி சாயங்காலமே நான் வந்துவிடுகிறேன். அன்றைக்கு ராத்திரி நான் போய் இருக்கிறேன் மாமா. அவர் வீட்டில் நன்றாகத் தூங்கட்டும்.

அருவங்காடு மாமா, காலை 9.25
அங்கே நாய் இருக்கிறது, புது ஆளை விடாது. முந்தின ஞாயிறே வந்து அவரோடு ஒரு தடவை போய்ப் பழக்கிக்கொள். எட்டு மணிக்கு மேல் நடந்து போகாதே, அந்தப் பக்கம் கரடி நடமாட்டம். நான் ஸ்கூட்டரில் விடுகிறேன்.

கோத்தகிரி அத்தை, காலை 9.31
தாத்தாவின் மங்கி குல்லா என்னிடம் இருக்கிறது. கொடுத்து அனுப்புகிறேன். காதை மூடிக்கொள்.