நம்ம வீட்டு குரூப்ல ஒரு சைக்கிள் பஞ்சாயத்து

கார்த்தி: ஒரு ரோடு பைக் எடுக்கலாம்னு இருக்கேன், சனி ஞாயிறு காலைல ஈசிஆர்ல ஓட்ட. பட்ஜெட் 40,000, அதுக்கு மேல ஒரு பைசா இல்ல. பாபு அண்ணா வாங்க

பெரியப்பா: சைக்கிளுக்கு நாப்பதாயிரமா???

பெரியப்பா: நான் பிஎஸ்ஏ எஸ்எல்ஆர்லயே அம்பத்தூர்லேருந்து கிண்டி வரைக்கும் வேலைக்கு போய்ட்டு வந்தவன்டா

திவ்யா: டேய் இத பாரு, 14 ஆயிரம்தான், 21 கியர், ரெண்டு வீல்லயும் டிஸ்க் பிரேக், முன்னாடி ஷாக் அப்சார்பர் வேற

சித்ரா அத்தை: இது நல்லா இருக்கே கண்ணா, கலரும் அழகா இருக்கு

பாபு அண்ணன்: மீட்டிங்ல இருந்தேன். திவ்யா அது ரோடு பைக்கே இல்லம்மா, அந்த விலைல வர ஷாக் அப்சார்பர் வெறும் வெயிட்டுதான், நீ மிதிக்கிற மிதில கொஞ்சம் அது ஆடுறதுலயே போயிடும். ஈசிஆர்ல வெயில் ஏறினா கடல் காத்து ஆரம்பிச்சிடும், 25 ஸ்பீடுக்கு மேல போனா காத்துதான் பெரிய எதிரி, அதுக்குதான் வளைஞ்ச ஹேண்டில்பார், குனிஞ்சு போகணும். 21 கியர்ங்கறது 3 இன்டு 7 அவ்வளவுதான், அந்த எண்ணிக்கைய பாத்து யாரும் ஏமாறாதீங்க

கார்த்தி: அப்ப எத்தன கியர் வேணும்ணா

பாபு அண்ணன்: மெட்ராஸ்ல என்ன மேடு இருக்கு, ஃப்ளைஓவர்தான். இங்க மட்டும் ஓட்டுறதா இருந்தா 7 கியரே தாராளம். ஆனா உன்ன எனக்கு தெரியும், ஆறு மாசத்துல ஏலகிரி போறேன் கொல்லிமலை போறேன்னு நிப்ப. கொல்லிமலைல 70 ஹேர்பின் பெண்டு. அதுக்கு பெடல் பக்கம் 50 பல்லு, 34 பல்லுன்னு ரெண்டு சக்கரம், பின் வீல்ல பெரிய சக்கரம் 32 பல்லு இருந்தா உக்காந்தபடியே ஏறலாம், இல்லனா தள்ளிட்டுதான் போகணும்

கார்த்தி: 😂 சரி. மூணு ஆப்ஷன் வச்சிருக்கேன். 1) டெகாத்லான் ட்ரைபன்ல ஆரம்ப மாடல், புதுசு 2) வேளச்சேரில ஒருத்தர் செகண்ட் ஹேண்ட், கியர் செட் ஷிமானோ கிளாரிஸ், முன் வீல பிடிக்கிற ஃபோர்க் கார்பன், 28,000, ஃப்ரேம் சைஸ் 56 3) எங்க ஆபீஸ்ல ஒருத்தர், அதுவும் கிளாரிஸ்தான், சைஸ் 52, கொஞ்சம் கீறல் இருக்கு, 33,000 சொல்றார். ரெண்டாவதுதான் கண்ண பறிக்குது

பாபு அண்ணன்: கால் அளவு எடுத்தியா? சுவத்துல சாஞ்சு நில்லு, செருப்பு வேணாம், ஒரு கெட்டி நோட்ட ரெண்டு காலுக்கு நடுவுல நல்லா மேல வரைக்கும் தூக்கி வச்சு அதோட மேல் விளிம்புலேருந்து தரை வரைக்கும் அளந்து சொல்லு

கார்த்தி: அம்மா அளந்தாங்க, 77 செமீ

பாபு அண்ணன்: 77ஐ 0.67ஆல பெருக்கு, 51.6 வருதா, அப்ப உனக்கு 52 ஃப்ரேம். 56 உன் சைஸே இல்ல, மறந்துடு. ஹேண்டில்பார பிடிக்கிற ஸ்டெம்ம சின்னதா போட்டு சரி பண்ணிக்கலாம்னு விக்கிறவர் சொல்வார், நம்பாத, எட்டிப் பிடிச்சு ஓட்டி ஓட்டி கழுத்தும் முதுகும் போயிடும். சைஸ் தப்பான சைக்கிள் ஓசில வந்தாலும் தண்டம்டா. சீட் உயரத்துக்கும் ஒரு கணக்கு இருக்கு, 77 இன்டு 0.883, அதாவது 68 செமீ, பெடல் சுத்துற நடு அச்சுலேருந்து சீட் மேல் பக்கம் வரைக்கும்

அம்மா: பாபு இவனுக்கு ஏற்கனவே கழுத்து வலி இருக்கு, நல்லா சொல்லு

கார்த்தி: 😞 அப்ப புதுசா, 52ஆ?

பாபு அண்ணன்: நீ இப்ப எத்தன கிலோ, உண்மைய சொல்லு

கார்த்தி: 84

பாபு அண்ணன்: புதுசுல வர ஆரம்ப மாடல் மாதிரி 7 கியர் வண்டில பெரும்பாலும் பின் ஹப் (வீல் நடு உருளை) மேல திருகி மாட்டுற ஃப்ரீவீல்தான் வரும், அதாவது பல்சக்கர கொத்து. அதுல செயின் பக்கத்து பேரிங் நல்லா உள்ள தள்ளி இருக்கும், ஆக்ஸில் தாங்கல் இல்லாம வெளில நீட்டிட்டு இருக்கும், கனமான ஆளு பள்ளத்துல இறக்கினா மெதுவா வளையும். கிளாரிஸ்ல கேசட் ஹப், பல்சக்கர கொத்து சொருகி மாட்டுறது, பேரிங் ஓரத்துல இருக்கும், அந்த தொல்லை கம்மி. அதே ஹப்ல பிற்பாடு 9, 10 ஸ்பீடு கேசட்டும் மாட்டலாம்

பெரியப்பா: இது கரெக்ட். கேரியர்ல மூட்டை ஏத்துறவன் வண்டில ஆக்ஸில் வளையாம இருந்ததே இல்ல

திவ்யா: பெரியப்பா டீம் மாறிட்டாரு 🤣

கார்த்தி: கார்பன் ஃப்ரேம்தான் வேகம்னு யூடியூப்ல சொல்றாங்களேண்ணா

பாபு அண்ணன்: யூடியூப்காரனுக்கு ஓசில வருது. 200 கிமீ ப்ரெவே, அதாவது நேரக் கெடு வச்ச நெடுந்தூர ரைடு, பதிமூன்றரை மணி நேரத்துல முடிக்கணும், சாப்பாடு டீ எல்லாம் சேத்து. கணக்கு போட்டா சராசரி 15 கூட வராது, அலுமினியம் ஃப்ரேம்ல ஜம்முனு முடிக்கலாம். இந்த பட்ஜெட்ல எவனாவது கார்பன் ஃப்ரேம்னு சொன்னா ஒண்ணு அடிபட்டது இல்ல பேர் தெரியாதது. நீ டயர பாரு, நம்ம ரோட்டுக்கு 28 மிமீ அகல டயர் உள்ள போகுமான்னு கேளு, 23 மட்டும்தான் போகும்னா வேணாம்

கார்த்தி: 52 வண்டில இப்ப 25 இருக்கு, 28 போகும்ங்கறார். வீல் ஓரத்த பிடிக்கிற ரிம் பிரேக்தான்

பாபு அண்ணன்: ரிம் பிரேக் போதும். விலை கம்மி வண்டில வர கேபிள் டிஸ்க்க விட நல்ல ரிம் பிரேக் மேல், கட்டையும் நீயே மாத்திக்கலாம். மழைல மட்டும் கொஞ்சம் முன்னாடியே பிடிக்கணும்

சித்ரா அத்தை: ஹெல்மெட் போடாம ஓட்டினா நானே வந்து காத்த பிடுங்கி விட்ருவேன்

பாபு அண்ணன்: அத்தை சொல்றதுதான் முதல்ல. 40ல 5,000 இப்பவே எடுத்து தனியா வை, ஹெல்மெட், முன்ன பின்ன லைட்டு, ஸ்பேர் டியூப், நின்னு அடிக்கிற பம்ப். டியூப்ல காத்து அடிக்கிற வாய் ப்ரெஸ்டா வால்வுங்கற மெல்லிசு வகை, பங்சர் கடைக்காரர் பம்ப் அதுல மாட்டாது, பித்தளைல ஒரு சின்ன அடாப்டர் விக்கும், ரெண்டு வாங்கி ஒண்ண பர்ஸ்ல போட்டுக்கோ

கார்த்தி: அப்ப வண்டிக்கு 35. அவர் 33 கேக்குறார், குறைப்பாரா?

சரவணன் மாமா: குறைக்கணும் மாப்ள. 2025 செப்டம்பர் 22லேருந்து சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12லேருந்து 5 ஆயிடுச்சு, அவர் பழைய பில்ல வச்சு கணக்கு சொல்லுவார், நீ இப்ப புதுசு என்ன விலைன்னு கடைல கேட்டுட்டு போய் பேசு. 28ல ஆரம்பி

பாபு அண்ணன்: மாமா சூப்பர். கார்த்தி அங்க போனா பாக்க வேண்டியது, ஃப்ரேம் வெல்டிங் ஓரம் எல்லாம் கை வச்சு தடவி பாரு, முக்கியமா ஹேண்டில் பக்கமும் பெடல் அச்சுக்கு கீழயும், பெயின்ட்ல முடி மாதிரி கோடு இருந்தா பேசாம வந்துடு. பெடல் அச்சுக்கு அடில சீரியல் நம்பர் இருக்கும், பில்லோட ஒத்து பாரு, பில் இல்லனா வேணாம். வீல தூக்கி சுத்தி விடு, ஆட்டம் தெரியும். செயின ஸ்கேல் வச்சு அள, ஒரு ஆணிலேருந்து 12 முழு லிங்க் சரியா 12 இஞ்ச் இருக்கணும், இஞ்ச்ல பதினாறுல ஒரு பங்கு ஏறிருந்தா செயின் காலி, கேசட்டும் போயிருக்கலாம், அத சொல்லி இன்னும் குறை

பெரியப்பா: ஸ்டீல் ஸ்கேல் என்கிட்ட இருக்கு. ஞாயித்துக்கிழமை நானும் வரேன்

அம்மா: நீங்க எதுக்கு வெயில்ல

பெரியப்பா: வீல் ஆட்டம் இவனுக்கு என்ன தெரியும்

கார்த்தி: 7 மணிக்கு வந்து கூட்டிட்டு போறேன் பெரியப்பா, டிபன் சாப்பிட்டுட்டே போலாம்