படகுத் தளத்து கார்பெட் தேய்ந்துவிட்டது: ஒட்டுப் போடலாமா, முழுதாக மாற்ற வேண்டுமா?

தூண்டில்முள்:
16 அடி அலுமினியப் படகு. முன்தளம் 12 மி.மீ. பிளைவுட், அதன்மேல் பாலிபுரொப்பிலீன் கார்பெட். மின்மோட்டாரைக் காலால் இயக்கும் பெடலுக்குப் பக்கத்தில் குதிகால் ஊன்றும் இடத்தில் இரண்டு கை அகலத்துக்கு இழை தேய்ந்து அடிப்பரப்பு தெரிகிறது. சாமான் பெட்டி மூடிகள் இரண்டிலும் ஓரம் பிரிந்து தொங்குகிறது. மற்ற இடம் நிறம் மங்கியிருக்கிறதே தவிர உறுதியாகத்தான் இருக்கிறது. தேய்ந்ததை மட்டும் வெட்டி ஒட்டினால் நிற்குமா? எந்தப் பசை?

கடையால்:
கார்பெட்டை அப்புறம் பார்க்கலாம், முதலில் பலகையைப் பாருங்கள். தேய்ந்த இடத்திலும், பெடல், இருக்கைத் தண்டு இவற்றின் திருகுகளைச் சுற்றியும் மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள். தண்ணீர் இறங்கும் வழி அந்தத் துளைகள்தான். நுனி சுலபமாக உள்ளே போனால் பிளைவுட் மக்கிவிட்டது, அதன்மேல் எந்தப் பசையும் பிடிக்காது. பலகையை மாற்ற நேர்ந்தால் செம்பு உப்பு ஏற்றிப் பதப்படுத்திய மரம் மட்டும் வேண்டாம். ஈரத்தில் அது அலுமினியத்தை அரித்துக் குழி குழியாக்கும். மரைன் பிளைவுட் வாங்கி எபாக்சி (ஈரம் புகாமல் காக்கும் பிசின்) பூசுங்கள். வெட்டுமுனைகளுக்குக் கூடுதலாக இரண்டு பூச்சு, தண்ணீரை அதிகம் உறிஞ்சுவது அவைதான்.

பலகை கெட்டியாக இருந்தால் தாராளமாக ஒட்டுப் போடலாம். புதுத் துண்டு பளிச்சென்று தனியாகத் தெரியும். வெயில் பட்டு மங்கிய, ஆனால் கால் படாத மூலையிலிருந்து ஒரு துண்டை எடுத்து இங்கே வையுங்கள். புதியதை அந்த மூலைக்குப் போடுங்கள். தேய்மானத்தைத் தாண்டி நாலு பக்கமும் 10 செ.மீ. சேர்த்து வெட்ட வேண்டும், இணைப்பு குதிகாலுக்கு அடியில் வந்தால் மறுபடி பிரியும். துண்டைப் பழையதன்மேல் வைத்து, இழை சாயும் திசையைக் கையால் தடவிப் பொருத்தி, இரும்பு அளவுகோல் பிடித்து, புது பிளேடால் இரண்டு அடுக்கையும் ஒரே இழுப்பில் அறுங்கள். அப்போதுதான் விளிம்புகள் அச்சாகப் பொருந்தும். கத்தி பலகையில் ஆழமாக இறங்கக் கூடாது, கீறல் வழியாக ஈரம் போகும்.

உப்புக்காற்று:
ஒட்டு நிற்காமல் போவது பெரும்பாலும் பழைய பசையால். அதைச் சுத்தமாகச் சுரண்டி எடுங்கள். சூடான காற்றை ஊதும் ஹீட் கன் காட்டினால் இளகி வரும், ஆனால் பக்கத்துக் கார்பெட்டில் சூடு படக் கூடாது. பாலிபுரொப்பிலீன் 165 டிகிரி செல்சியஸ் அளவிலேயே உருகிவிடும். பிறகு அசிட்டோன் துணியால் துடையுங்கள். சூட்டு வேலை முழுதும் முடிந்து ஆறிய பிறகுதான் அசிட்டோன் டப்பாவைத் திறக்க வேண்டும். பெட்ரோல் டேங்கும் பேட்டரியும் அதற்கு முன்பே வெளியே போய்விட வேண்டும், இதில் அலட்சியமே கூடாது.

தளத்துக்கு வெளிப்புற கார்பெட் பசை, 2 மி.மீ. பல்லுள்ள கரண்டியால் தேய்க்கவும். ஒரு லிட்டர் சுமார் 25 சதுர அடிக்கு வரும். நடுவிலிருந்து ஓரத்துக்கு உருளையால் அழுத்தி, தட்டையான பலகையும் பாரமும் வைத்து ஒரு நாள் விடுங்கள்.

மூடிகளுக்கு அந்தப் பசை சரிப்படாது. மடிப்பு விறைத்து, பசை காய்வதற்குள் எழுந்துகொள்ளும். கான்டாக்ட் பசையை இரண்டு பரப்பிலும் பூசி, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் சேருங்கள். கார்பெட்டின் ரப்பர் அடி சில பசைகளுக்கு இளகிவிடும், துண்டு ஒன்றில் முதலில் சோதிக்கவும். உட்புறம் 5 செ.மீ. மடித்து, மூலையில் முக்கோணமாக வெட்டி எடுத்துவிட்டு, 8 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டேபிள் அடிக்கவும். சாதாரண ஸ்டேபிள் துருவேறி அறுந்துவிடும்.

தூண்டில்முள்:
பலகை கெட்டியாகத்தான் இருக்கிறது, நன்றி. மூடிகளுக்குக் கொஞ்சம் தடித்த கார்பெட் போடலாமா? பெடலை மறுபடி பொருத்தும்போது கார்பெட்டோடு சேர்த்தே துளையிடலாமா?

கடையால்:
இரண்டும் வேண்டாம். சதுர கெஜத்துக்கு 16 அவுன்ஸ் எடையுள்ள கார்பெட் இருந்த இடத்தில் 20 அவுன்ஸ் கார்பெட் போட்டால் மூடி சட்டத்தில் இறுகும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஓரம் உரசித்தான் இப்படிப் பிரிகிறது. மூடியைச் சுற்றி இடைவெளி எவ்வளவு என்று அளந்துவிட்டு, அதில் அடங்கும் தடிமனையே வாங்குங்கள்.

டிரில் முனை கார்பெட்டில் பட்டால் ஒரு இழையைப் பிடித்துச் சுருட்டி, வரிசையாக உருவிக்கொண்டே போகும். துளை வரும் இடத்தில் சூடான சால்டரிங் இரும்பால் இழையை உருக்கி வட்டமாக நீக்கிவிட்டு, பிறகு மரத்தில் துளையிடுங்கள். துளைக்குள் தண்ணீர் இறங்காமல் அடைக்கும் சீலன்ட் நிரப்பிய பின்தான் திருகு.