முதல் கரீபியன் க்ரூஸ்: கரையில் எதைப் பார்ப்பது?
வணக்கம். முதன்முறையாகக் கரீபியன் க்ரூஸ் (கப்பல் சுற்றுலா) போகிறோம். ஜமைக்காவின் ஓச்சோ ரியோஸில் டன்ஸ் ரிவர் அருவி என்று முடிவாகிவிட்டது.

மெக்சிகோவின் கோசுமெல் தீவில்தான் குழப்பம். துலும் மாயர் இடிபாடுகளைப் பார்க்க எனக்குக் கொள்ளை ஆசை. ஆனால் அது தீவில் இல்லையே! படகில் எதிர்க்கரையில் உள்ள பிளாயா டெல் கார்மென் போய், அங்கிருந்து பேருந்து. கப்பல் நிறுவனம் வழியாகவே பதிவு செய்தால், தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும்; வெளியே பதிவு செய்தால் நம் பாடு. அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு. போனவர்கள் சொல்லுங்கள்: நடை எவ்வளவு, நிழல் உண்டா? இல்லை, தீவிலேயே உள்ள சான் ஹெர்வாசியோ மாயர் இடிபாடுகளைப் பார்த்துவிட்டுக் கடற்கரையில் உட்காரலாமா?

அப்புறம், கிராண்ட் கேமன் தீவில் சிறு படகில்தான் கரை இறங்க வேண்டுமாம். திருக்கை மீன்களைப் பார்க்கும் ஸ்டிங்ரே சிட்டிக்கு வெளியே பதிவு செய்தவர்கள் எத்தனை மணிக்கு வைத்துக்கொண்டீர்கள்?