வில்லியம்ஸ் நோய்க்குறி: ஹெர்னியா அறுவையை முதலில் செய்துகொள்ளலாமா?

கேள்வி (ஒரு தாய், திருநெல்வேலி):

வணக்கம். எங்கள் மகனுக்குப் பதினான்கு மாதம் ஆகிறது. பிறக்கும்போதே எடை குறைவு. முதல் சில மாதங்கள் பால் குடிக்கத் திணறினான், மலச்சிக்கலும் ஓயாத அழுகையுமாக இருந்தான். குப்புற விழுந்ததும் உட்கார்ந்ததும் தாமதமாகத்தான். இன்னும் பிடித்துக்கொண்டுகூட நிற்கவில்லை. ஆனால் புதியவர்கள் யார் கை நீட்டினாலும் தயங்காமல் தாவி, அவர்கள் முகத்தையே உற்றுப் பார்த்துச் சிரிக்கிறான். ஹெர்னியா அறுவைக்கு நாள் குறித்திருந்த நிலையில், இதயத்தில் மர்மர் (இதயத் துடிப்போடு கேட்கும் கூடுதல் ஒலி) கேட்கிறது என்றும், முகச்சாயலோடு சேர்த்துப் பார்த்தால் வில்லியம்ஸ் நோய்க்குறியாக இருக்கலாம் என்றும் மருத்துவர் கூறினார். இவை எல்லாம் ஒரே நோயின் அறிகுறிகள்தாமா? அறுவையை முடித்துவிட்டுப் பிறகு மரபணுப் பரிசோதனைக்குப் போகலாமா? நாங்கள் அத்தை மகன், மாமன் மகள் உறவில் மணந்தவர்கள் என்பதால்தான் இப்படி ஆனது என்று வீட்டில் சொல்கிறார்கள்.

மறுமொழி (குழந்தைநல மருத்துவர்):

அம்மா, அறுவையை அவசரப்படுத்த வேண்டாம். முதலில் எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துக் குழந்தைகள் இதயநோய் மருத்துவரைப் பாருங்கள்.

ஏழாவது குரோமோசோமின் ஒரு சிறு துண்டு விடுபட்டுப்போவதால் இந்நோய் வருகிறது. விடுபடும் மரபணுக்களுள் ஒன்று எலாஸ்டின். இரத்தக்குழாய்ச் சுவர்களுக்கு நெகிழ்வைத் தருவது அதுதான். அது குறையும்போது, பெருந்தமனி வால்வுக்குச் சற்று மேலே குறுகுவது இந்நோயின் முதன்மையான இதயக் கோளாறாகிறது. திசுக்களின் உறுதி குறைவதால் ஹெர்னியாவும் இக்குழந்தைகளிடம் அதிகம். நுரையீரல் தமனிகளில் உள்ள குறுகல் பெரும்பாலும் வயதோடு தளர்ந்துவிடும். பெருந்தமனிக் குறுகலோ முதல் சில ஆண்டுகளில் கூடக்கூடியது. இதயத்துக்கே இரத்தம் தரும் குழாய்களும் பாதிக்கப்பட்டிருந்தால், மயக்க மருந்தின்போது இதயம் திடீரென நின்றுபோகும் ஆபத்து உண்டு என்பதால்தான் இவ்வளவு வலியுறுத்துகிறேன். இதய நோயுள்ள குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகிய மருத்துவர் இருக்கும் இடத்திலேயே அறுவை நடக்க வேண்டும்.

இரத்தத்திலும் சிறுநீரிலும் கால்சியம், தைராய்டு, சிறுநீரக ஸ்கேன், இரு கைகளிலும் இரத்த அழுத்தம் ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இரத்தத்தில் கால்சியம் மிகுவதும் பசியின்மை, மலச்சிக்கல், எரிச்சல் ஆகியவற்றுக்கு ஒரு காரணம். நம் ஊரில் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் வைட்டமின் டி சொட்டு மருந்து கொடுக்கிறோம். இக்குழந்தைகளுக்கு அதைத் தொடரலாமா என்று கால்சியம் முடிவைப் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நீங்களாகவே பாலைக் குறைத்துவிட வேண்டாம்.

விடுபட்ட துண்டு மிகச் சிறியது. வழக்கமான குரோமோசோம் பரிசோதனையில் அது தெரியாமல் போகும் என்பதால், ஃபிஷ் அல்லது மைக்ரோஅரே பரிசோதனை என்று குறிப்பிட்டுக் கேளுங்கள்.

மறுமொழி (மரபியல் ஆலோசகர்):

உறவில் மணந்ததற்கும் இதற்கும் தொடர்பில்லை. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் மட்டுமே தோன்றும் நோய்கள்தாம் நெருங்கிய உறவுத் திருமணத்தில் மிகுகின்றன. வில்லியம்ஸ் நோய்க்குறிக்கு, நம்மிடம் உள்ள இரண்டு ஏழாவது குரோமோசோம்களுள் ஒன்றில் இழப்பு நேர்ந்தாலே போதும். அதுவும் பெரும்பாலும் கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது தற்செயலாக நேர்வது. ஏறத்தாழ 7,500 முதல் 10,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் எல்லா நாடுகளிலும் காணப்படுகிறது. 1961இல் இதை விவரித்த வில்லியம்ஸ் நியூசிலாந்து மருத்துவர். பெற்றோருக்கு இந்நோய் இல்லையென்றால் அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு மிகக் குறைவு. குற்றம் சொல்லும் பெரியவர்களையும் ஆலோசனைக்கு அழைத்து வாருங்கள். மருத்துவர் வாயால் கேட்டால் சிலர் ஏற்றுக்கொள்கிறார்கள்.

மறுமொழி (இந்நோயுள்ள சிறுமியின் தந்தை):

சகோதரி, பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் பிசியோதெரபியைத் தொடங்கிவிடுங்கள். என் மகள் பேசத் தொடங்கியது தாமதமாகத்தான். ஆனால் பிறகு அவள் பேசிய பேச்சைக் கேட்டுப் பள்ளியில் எல்லாம் புரிகிறது என்றே நினைத்துவிட்டார்கள். சட்டைப் பொத்தான் போடுவதும் கட்டங்களைப் பார்த்து வரைவதும் இன்றும் அவளுக்குக் கடினம். குக்கர் விசிலுக்கும் பட்டாசுக்கும் காதைப் பொத்திக்கொள்வாள். பாட்டென்றால் மணிக்கணக்கில் அமர்ந்திருப்பாள். எல்லோரிடமும் தாவிப் போகும் பழக்கத்தை இப்போது ஊரே ரசிக்கும். பள்ளி வயதில் அதுவே பாதுகாப்புக் கவலையாகிவிடும்.

கேள்வி கேட்டவர்:

அனைவருக்கும் நன்றி. அறுவையைத் தள்ளிவைத்தால், இடையில் ஹெர்னியா சிக்கிக்கொள்ளாதா?

மறுமொழி (குழந்தைநல மருத்துவர்):

சிக்கக்கூடும், ஆகவே எக்கோவைத் தள்ளிப்போடாமல் உடனே எடுத்துவிடுங்கள். வீக்கம் கெட்டியாகி உள்ளே போகாமல் நின்றாலோ, நிறம் மாறினாலோ, குழந்தை ஓயாமல் அழுது வாந்தி எடுத்தாலோ, எந்த நேரமானாலும் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பணியிலிருக்கும் மருத்துவரிடம் மர்மரையும் வில்லியம்ஸ் என்ற ஐயத்தையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.