புதுப்பிப்பு: ஜெர்மன் ஒழுங்கற்ற வினைகளின் இறந்தகாலம்

அகரவரிசைப் பட்டியலை உருப்போட்டும் நிற்கவில்லை என்று சென்ற மாதம் இங்கே புலம்பியிருந்தேன். பட்டியலைத் தூக்கி எறிந்துவிட்டேன். இப்போது உயிரொலி மாறும் விதத்தை வைத்துக் கூட்டம் பிரித்துப் படிக்கிறேன் (முதலில் மூலவினை, அடுத்து இறந்தகாலம், மூன்றாவது இறந்தகால எச்சம்): ஸிங்கன், ஸாங், கெஸுங்கன் (பாடு). டிரிங்கன், டிராங்க், கெட்ருங்கன் (குடி). ஃபிண்டன், ஃபாண்ட், கெஃபுண்டன் (கண்டுபிடி). பாட்டுப் போல வாயில் வந்துவிடுகிறது.

ஒரு திருத்தம். ‘ப்ரிங்கன்’ (கொண்டுவா) இதே கூட்டம் என்று அன்று எழுதியது என் பிழை. அது ‘ப்ராங்’ ஆகாது, ‘ப்ராக்ட’ ஆகும். பார்ப்பதற்குத்தான் உறவு, குணம் வேறு!

மிகவும் பிடித்தது ‘ஹெங்கன்’. சட்டை தானாகத் தொங்கியது என்றால் ‘ஹிங்’; நான் மாட்டினேன் என்றால் ‘ஹெங்ட’. நம் ‘உடைந்தது’, ‘உடைத்தேன்’ மாதிரியேதான்.

அடுத்து ‘ஷ்ரைபன், ஷ்ரீப், கெஷ்ரீபன்’ (எழுது) கூட்டம்.