ஆறு குதிரைகளில் இரண்டு

சீன அரசர்களுடைய பொருட்களை வெளிநாட்டு மியூசியங்களில் நேரில் பார்த்தவர்கள் இங்கே எழுதுங்களேன். நானே ஆரம்பித்து வைக்கிறேன்.

பிலடெல்பியாவில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தபோது பென் மியூசியத்துக்குக் கூட்டிப் போனார். வட்டமான பெரிய மண்டபம், மேலே உயரமான குவிமாடம். அங்கே ஆளுயரத்துக்கு இரண்டு கல் பலகைகள், பலகைக்கொரு குதிரை. தாங் வம்சப் பேரரசர் தைசோங், தான் போரில் ஏறிச் சென்ற ஆறு குதிரைகளைத் தன் கல்லறைக்காகச் செதுக்க வைத்தார். 7-ஆம் நூற்றாண்டு வேலை. ஆறில் இரண்டுதான் இங்கே இருக்கின்றன.

ஒரு பலகையில் குதிரையோடு ஒரு மனிதரும் இருக்கிறார். ஆறு பலகைகளிலும் மனித உருவம் உள்ளது இது ஒன்றுதான். லுவோயாங் பக்கத்தில் நடந்த சண்டையில் குதிரையின் மார்பில் அம்பு பாய்ந்துவிட்டது. தளபதி ஒருவர் தன் குதிரையை அரசருக்குக் கொடுத்துவிட்டு, அடிபட்ட குதிரையின் அம்பைப் பிடுங்குகிறார். குதிரை முரண்டு பிடிக்கவில்லை. முகத்தை அவர் பக்கம் தாழ்த்தி வைத்திருக்கிறது, உடம்பு மட்டும் லேசாகப் பின்னுக்கு இழுக்கிறது. வலியையும் நம்பிக்கையையும் ஒரே கல்லில் எப்படிக் கொண்டுவந்தார்களோ! பிடரி மயிரை மூன்று கொத்தாகக் கத்தரித்து, வாலை முடிந்துவிட்டிருக்கிறார்கள். சேணத்தின் வார்கூட ஒவ்வொன்றாகத் தெரிகிறது.

கிட்டப் போனதும்தான் ஒட்டுப் போட்ட தடங்கள் கண்ணில் பட்டன. கல்லறையிலிருந்து எடுத்துப்போக வசதியாக உடைத்திருக்கிறார்கள். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. பிறகு சி. டி. லூ என்ற வியாபாரி வழியாக அமெரிக்கா வந்து, 1921-இல் மியூசியத்துக்குச் சேர்ந்திருக்கின்றன. விலை 1,25,000 டாலர். பணம் கொடுத்தவர் எல்ட்ரிட்ஜ் ஜான்சன். கிராமபோன் பக்கத்தில் நாய் உட்கார்ந்திருக்கும் படம் போட்டு இசைத்தட்டு விற்ற விக்டர் கம்பெனியை ஆரம்பித்தவர்.

ஆறும் பக்கத்துக்கு மூன்றாக, ஒரே இடத்தில் நிற்கச் செதுக்கியவை. இந்த இரண்டும் ஊர் திரும்ப வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

(அதே மியூசியத்தில், பேரரசி சிஷியுடையது என்று சொல்லப்படும் பெரிய ஸ்படிக உருண்டையும் உண்டு. 1988-இல் திருடுபோய், 1991-இல் கிடைத்ததாம்.)

லண்டனிலிருந்து ஒரு பதில்

நல்ல பதிவுங்க. ஆனால் வெளியே இருப்பதெல்லாம் உடைத்தோ கொள்ளையடித்தோ கொண்டுபோனது என்று சொல்லிவிட முடியாது. பிரிட்டிஷ் மியூசியம் 95-ஆம் அறையில் சர் பெர்சிவல் டேவிட் சேர்த்த சீனப் பீங்கான்கள் சுமார் 1,700 இருக்கின்றன. மனிதர் 1892-இல் பம்பாயில் பிறந்தவர். சீன அரச குடும்பம் பெய்ஜிங் வங்கியில் அடகு வைத்து மீட்காமல் விட்ட அரண்மனைப் பொருட்கள் சிலவற்றை வங்கியிடமிருந்தே விலைக்கு வாங்கினார்.

நான் ரொம்ப நேரம் நின்றது அங்கே 'ரூ' என்ற வகைப் பீங்கான்கள் முன்னால்தான். மழை விட்ட வானத்தின் நீலம். 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரண்மனைக்காகச் சுட்டவை. அறுநூறு வருடம் கழித்து சியன்லோங் பேரரசர் இப்படிப்பட்ட பாத்திரங்களின் மேலேயே தன் கவிதைகளைப் பொறிக்க வைத்திருக்கிறார். அவ்வளவு ஆசை!

ஆனால் 1860 அக்டோபரில் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் பெய்ஜிங்கின் யுவான்மிங்யுவான் அரண்மனையைச் சூறையாடியது வேறு கணக்கு. அதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

சியான் போய்வந்தவரின் பதில்

முதல் பதிவைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. மீதி நான்கு குதிரைகளை நான் பார்த்திருக்கிறேன். சீனாவின் சியான் நகரத்துப் பெய்லின் மியூசியத்தில் இருக்கின்றன. அவற்றிலும் வெடிப்புகள் உண்டு. 1918-இல் அவற்றையும் துண்டாக்கிக் கடத்தப் பார்த்தபோது வழியிலேயே மடக்கிப் பிடித்துவிட்டார்கள்.

அங்கே வரிசையில் ஆறும் இருக்கும், ஆனால் இரண்டு நகல். நீங்கள் எழுதிய, அம்பு பிடுங்கும் தளபதி உள்ள பலகை அந்த இரண்டில் ஒன்று. ஒரு பாட்டி பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு குதிரையாகக் காட்டிக்கொண்டே வந்தார். நகலுக்கு முன்னால் நின்று அவனிடம் ஏதோ சொன்னார். என்ன சொல்கிறார் என்று எங்கள் கைடிடம் கேட்டேன்.

"இந்தக் குதிரை அமெரிக்காவில் இருக்குன்னு சொல்றாங்க" என்றார்.