முதல் .22 பிஸ்டல்: ஸ்பிரிங்கில் கை வைக்கலாமா?

குறிமுள்:
வேகவிரல் நேற்றுப் போட்ட பதிலைப் பார்த்ததிலிருந்து எரிச்சல் தாங்கவில்லை. 25 மீட்டர் போட்டிக்குப் பழக முதல் .22 செமி ஆட்டோமேட்டிக் (சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் பிஸ்டல்) வாங்கிய புதுக்கை, எதை முதலில் மாற்றுவது என்று கேட்டார். வேகவிரல் சொன்னது: "ஸ்பிரிங்கை மாத்து. கம்பெனி ஸ்பிரிங் குப்பை. டிரிகர் வெண்ணெய் மாதிரி ஆயிடும்."

.22 ரிம்ஃபயர் தோட்டா. பற்றவைக்கும் மருந்து அதன் அடி விளிம்புக்குள் இருக்கிறது. ஃபயரிங் பின் அந்த விளிம்பை அழுத்தி நசுக்கினால்தான் பற்றும். ஹேமர், அதாவது அந்தப் பின்னை அடிக்கும் சுத்தி, அதன் ஸ்பிரிங்கை இளக்கினால் அடியின் வேகம் குறையும், விளிம்பில் லேசான கீறலோடு தோட்டா அப்படியே உட்கார்ந்திருக்கும். ரேபிட்டில் (வேகச் சுற்றில்) இலக்கு 3 நொடிதான் நம் பக்கம் திரும்பி நிற்கும். அதற்குள் என்ன செய்வீர்கள்?

வேகவிரல்:
ஐயா வகுப்பெடுக்க ஆரம்பித்துவிட்டார். நான் ஸ்பிரிங் மாற்றித்தான் சுடுகிறேன், ஒரு ரவுண்டும் பற்றாமல் போனதில்லை. கம்பெனியிலிருந்து வரும்போது டிரிகர் கல் மாதிரி இருந்தது. டிரிகரை இழுக்கும் எடை 1000 கிராம் என்கிறது விதி, அவர்கள் அதற்கு எவ்வளவோ மேலே வைத்து அனுப்புகிறார்கள். அந்த அதிகப்படி எடையைப் புதியவர் எதற்குச் சுமக்க வேண்டும்?

இடக்கையன்:
எந்த ஸ்பிரிங்? டிரிகர் ஸ்பிரிங்கா, ஹேமர் ஸ்பிரிங்கா? இரண்டு பேரும் ஒன்றைத்தான் சொல்கிறீர்களா?

குறிமுள்:
"என்னுடையது பற்றுகிறது" என்பது ஒரு வாதமா? 1000 கிராம் என்பது குறைந்தபட்சம். குழலை மேல்நோக்கி நிறுத்தி, டிரிகரில் எடைக்கல்லை மாட்டித் தூக்குவார்கள். கல் மேலே வர வேண்டும். போட்டி முடிந்த பிறகும் சிலரைக் குலுக்கலில் எடுத்துச் சோதிப்பார்கள். அப்போது தூக்கவில்லை என்றால் மொத்தப் புள்ளியும் போச்சு. இளக்கிய ஸ்பிரிங் நாள்பட இன்னும் தளரும். காலையில் 1000-ஐத் தூக்கியது மாலையில் தூக்கும் என்பதற்கு யார் பொறுப்பு?

முதலில் கை வைக்க வேண்டியது கிரிப்பில். அதைச் சொல்ல இங்கே ஒருவருக்கும் மனசு வரவில்லை.

புதுக்கை:
கிரிப் கொஞ்சம் பெரிசா இருக்குங்க. விரல் நுனி டிரிகருக்கு எட்டுது, ஆனா பக்கவாட்டுல தள்ளுற மாதிரி இருக்கு.

குறிமுள்:
பார்த்தீர்களா! கேட்டவரே சொல்லிவிட்டார். விரல் பக்கவாட்டில் தள்ளினால் முன் சைட் (குழல் நுனியில் உள்ள குறிமுனை) நகரும். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவே அதிகபட்சம் 220 மில்லிமீட்டர்தான். முன் சைட் 1 மில்லிமீட்டர் விலகினால் 25 மீட்டரில் அது 114 மில்லிமீட்டர். பிரிசிஷன் (நிதானச் சுற்று) அட்டையில் ஆறு புள்ளி. 0.2 மில்லிமீட்டர் விலகினாலே 23 மில்லிமீட்டர் வரும், பத்துப் புள்ளி வட்டத்தின் ஆரம் 25. முடி அளவு விரல் தள்ளல்தான் பத்தையும் ஒன்பதையும் பிரிக்கிறது. எந்த ஸ்பிரிங் இதைத் திருத்தும்?

தம்பி, மரக் கிரிப் என்றால் உள்ளங்கைக் குழியில் கை உட்காராத இடத்தில் மரப்பொடியைப் பசையில் குழைத்து அப்புங்கள். காய்ந்ததும் பிஸ்டலைப் பிடித்துக் கண்ணை மூடி, கையை உயர்த்தித் திறந்து பாருங்கள். முன் சைட் பின் சைட்டின் பள்ளத்துக்கு நடுவில் தானாக வந்து நிற்கும் வரை கொஞ்சம் கொஞ்சமாக உப்புத்தாள் போடுங்கள். அவசரப்பட்டு ஒரே மூச்சில் தேய்த்துவிடாதீர்கள். கிரிப் எந்த இடத்திலும் மணிக்கட்டைத் தாங்கக் கூடாது, விதி அது.

அரைவட்டம்:
ஒரு ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டும் கண்ணாடி சைட்) மாட்டினால் தீர்ந்தது கதை. எதற்கு இத்தனை சண்டை?

குறிமுள்:
25 மீட்டர் போட்டியில் திறந்த சைட் மட்டும்தான். தெரியாவிட்டால் பேசாமல் இருக்கலாம்.

அரைவட்டம்:
பாரிஸ் 2024-ல் துருக்கியின் யூசுஃப் டிகேச் ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டு, சாதாரணக் கண்ணாடியோடு வெள்ளி அடித்தார். உங்கள் உப்புத்தாள் ஆராய்ச்சியெல்லாம் அவருக்குத் தேவைப்படவில்லையே!

குறிமுள்:
அது 10 மீட்டர் ஏர் பிஸ்டல், கலப்பு அணி. டிரிகர் குறைந்தபட்சம் 500 கிராம், ஒவ்வொரு குண்டையும் கையால் போட வேண்டும், செமி ஆட்டோவே இல்லை. ஒரு கையால் சுடுகிறவர் மற்றக் கையைப் பாக்கெட்டில் வைப்பது உடம்பு ஆடாமலிருக்க. கண்ணை மறைக்கும் தட்டு இல்லை என்றால் கருவியில் அக்கறை இல்லை என்று அர்த்தமா? கையில் இருந்தது போட்டிப் பிஸ்டல்.

வேகவிரல்:
இவர் இப்படித்தான். குழல் துடைப்பது பற்றிய விவாதத்திலும் இதே ஆட்டம். ஒவ்வொரு முறையும் துடைக்கச் சொன்னவரை விரட்டி விரட்டி அடித்தார். கிரிப் வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? ஸ்பிரிங்கையும் மாற்றலாம் என்றுதான் சொன்னேன்.

குறிமுள்:
"ஸ்பிரிங்கையும்" இல்லை. "ஸ்பிரிங்கை மாத்து" என்று எழுதினீர்கள். பதிவு அங்கேயே இருக்கிறது, போய்ப் படியுங்கள். குழல் விஷயத்தில் நான் சொன்னது சரி என்று இப்போதும் சொல்வேன்.

இடக்கையன்:
எனக்கு யாரும் பதில் சொல்லவில்லை. இடது கைக்காரன் வலது கைப் பிஸ்டலில் சுட்டால் கிரிப் முற்றிலும் வேறு, வெற்றுக் கூடு வந்து விழும் பக்கமும் வேறு. அதைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா இங்கே?

வேகவிரல்:
தம்பி புதுக்கை, இவர் பேச்சைக் கேட்டால் ஒரு வருஷம் உப்புத்தாள்தான் போடுவீர்கள். நான் டிரிகரைச் சரிசெய்த பிறகுதான் என் குழுமல் (குண்டுகள் அட்டையில் விழும் பரப்பு) சுருங்கியது.

குறிமுள்:
சுருங்கியது நீங்கள் பழகியதால். ஸ்பிரிங்குக்கு ஏன் மாலை போடுகிறீர்கள்? இளக்குவதோடு நின்றாலும் பரவாயில்லை, அடுத்து சீயரை, அதாவது டிரிகர் இழுக்கும் வரை ஹேமரைப் பிடித்து வைக்கும் கொக்கியைத் தேய்ப்பார்கள். பிடிப்பு குறைந்தால் ஒரே இழுப்பில் இரண்டு ரவுண்டு போகும். ரேஞ்சில் அப்படி ஒன்று நடந்தால் பக்கத்துத் தடத்தில் நிற்கிறவன் உயிர் சம்பந்தப்பட்டது. முதல் பிஸ்டல் வாங்கியவருக்கு இதையா சொல்லித் தருவது? டிரிகரில் கம்பெனியே வைத்திருக்கும் திருகுகள் உண்டு. இழுப்பின் முதல் கட்டம், இரண்டாம் கட்டம், விடுபட்ட பிறகு விரல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு நிறுத்தி. கையேட்டில் எழுதியிருப்பதற்குள் அவற்றைத் திருப்புங்கள், எடைக்கல் மாட்டிப் பாருங்கள். அதற்கு மேல் ஆர்மரர் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) வேலை.

வேகவிரல்:
சீயரைத் தேய்க்கச் சொன்னது யார்? நான் சொல்லாததைச் சொன்னதாகச் சொல்லாதீர்கள்.

புதுக்கை:
அண்ணே, வீட்டுல தோட்டா இல்லாம டிரிகர் இழுத்துப் பழகலாமா?

குறிமுள்:
ரிம்ஃபயரில் காலியாக இழுத்தால் சில மாடல்களில் ஃபயரிங் பின் அறையின் விளிம்பைக் குத்திப் பள்ளமாக்கும். கையேட்டைப் பாருங்கள், இல்லையென்றால் பயிற்சித் தோட்டா போடுங்கள். அறை காலி என்று கண்ணால் பார்த்த பிறகு மட்டும்.

வேகவிரல், எடைக்கல் மாட்டிய படம் ஒன்று போடுங்கள். 1000 கிராம் தூக்குகிறதா, பார்ப்போம்.

வேகவிரல்:
உங்களுக்கு நான் எதற்குக் காட்ட வேண்டும்? நடுவருக்குக் காட்டியாயிற்று. ஸ்பிரிங் மாற்றினேன், மாற்றுவேன், கேட்கிறவர்களுக்கும் சொல்வேன்.

குறிமுள்:
சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் கீழே வந்து ரிம்ஃபயர் என்றால் என்ன என்று நானும் எழுதுவேன்.